மாவுத் தூக்குக்கு ஓர் இடம்

போன ஈஸ்டருக்கு வந்திருந்த என் நாத்தனார் புஷ்பராணி சொன்ன கதை இது.

கடையில் பெரிய ஃபிரிட்ஜ் சின்னதைச் சீண்டிக்கொண்டே இருந்தது. "உன்னை யாருடா தம்பி வாங்குவா? ஒரு மாவுத் தூக்குகூட உள்ள நுழையாதே!"

அன்றைக்கு ஒற்றை அறையில் குடியிருக்கும் ஓர் அம்மா, இட்லி மாவுத் தூக்கோடவே வந்தாள். பெரியதைப் பார்த்து, "கட்டில் இடிச்சு இதுக்குக் கதவே திறக்காது" என்றாள். சின்னதுக்குள் தூக்கை வைத்தாள். நடுத்தட்டு தடுத்தது. சின்னதுக்கு உயிரே போய்விட்டது.

"தம்பி, அந்தத் தட்டை விட்டுக்கொடேன்" என்றது தூக்கு.

"எடுத்துக்கோங்கக்கா!"

அம்மா தட்டைக் கழற்றியதும் தூக்கு சுகமாக உட்கார்ந்தது. அவள் சின்னதையே வாங்கிக்கொண்டாள்.

"தட்டைத் தொலைச்சுட்டுப் போறான் பாரு!" என்று பெரியது சிரித்தது.

"ஆமாண்ணே. நீங்க எல்லாத் தட்டோடயும் இங்கேயே சௌக்கியமா இருங்க."

கதை கேட்டியா மகனே, நம்ம வீட்டுச் சின்ன ஃபிரிட்ஜைக் கொஞ்சம் மெதுவாச் சாத்துப்பா. உள்ளே மாவு இருக்கு.