குரிசடி வளைவில் திணறிய வண்டி

வாகமண் ஏற்றத்தில் சாரல் விடாமல் தூறுகிறது. ஷிபு இன்று வாங்கிய மின்சார பைக் ஓசையே இல்லாமல் தகரக் கொட்டகைக்குள் ஏறி நிற்கிறது. அங்கே ஒதுங்கியிருக்கும் கோழிகள்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. பேட்டரி வண்டி இந்த மலையில் படுத்துவிடும் என்று ஊரே கேலி செய்திருந்தது. அவன் மனைவி ரீனி துடைக்கத் துணியோடு வருகிறாள். “மோட்டார் இழுத்துச்சா?” “குரிசடி வளைவு வரைக்கும் ஜம்முனு வந்துச்சு. அங்க நிறுத்தி எடுத்தேன், திணறிப்போச்சு. ரெண்டாள் பாரம் மாதிரி.” “அந்தச் செங்குத்துல எவனாவது நிறுத்துவானா? எதுக்கு நிறுத்துனீங்க?” அவன் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. அதன் விளிம்பில் நீர் சொட்டுகிறது. “பழக்கம்டீ. சேட்டன் ஏறிக்கட்டும்னு.” தேயிலை ஆலையில் வேலை முடிந்து அண்ணன் தங்கச்சன் அந்த வளைவில்தான் தினமும் இவனுக்காகக் காத்து நிற்பார். போன மழைக்காலத்தில் அங்கேயே மண் சரிந்து அவரை மூடிவிட்டது. ரீனி வண்டியைத் துடைக்கிறாள். கைப்பிடியும் விளக்கும் தொப்பலாக நனைந்திருக்கின்றன. ஷிபு உட்கார்ந்து வந்த இடம் மட்டும் காய்ந்திருக்கிறது. துணி பின்னிருக்கைக்கு நகர்கிறது. அங்கும் ஈரம் இல்லை.