விழாத பிள்ளைகள்

குழந்தைகள் பார்க்கும் ஸ்கேட்போர்டு வீடியோவில் யாரும் விழக்கூடாது என்று சட்டம் வந்து ஏழு வருஷம் ஆகியிருந்தது. விழும் காட்சிகளை அழித்துவிட்டு, ‘குழந்தைகளுக்கு ஏற்றது’ என்று முத்திரை குத்துவதுதான் ஜெசிந்தாவின் வேலை.

இப்போது அவள் மகள் ஷெரின் ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டோடு கிடந்தாள். ஸ்கேட்போர்டு பழகப் போய், மூன்று வாரமாகத் தினமும் விழுந்திருக்கிறாள். கால் முறியும்வரை யாரிடமும் அதைப் பற்றி மூச்சுவிடவில்லை.

“ஏன்டி அம்மாகிட்ட சொல்லல?”

“வெக்கமா இருந்துச்சும்மா. வேற யாருமே விழல. எங்கிட்டதான் ஏதோ கோளாறு.”

“எல்லாரும் விழுவாங்கடா தங்கம்.”

“சும்மா சொல்லாத. நான் எல்லா வீடியோவும் பாத்துட்டேன்.”

ஜெசிந்தா போனை எடுத்துத் தேடினாள். விழுகிற பிள்ளை ஒன்றுகூட எங்கேயும் மிச்சமில்லை.

ஷெரின் போர்வையை முகத்தின் மேல் இழுத்துக்கொண்டாள்.