நாலு மணி பி.பி.

“நான் வாங்கிக் குடுத்த வேலை! என் மேலயே கம்ப்ளெயின்ட் எழுதியிருக்கா!”

நர்ஸ்கள் சாப்பிடும் அறையில் சாந்தா போட்ட சத்தத்தில் எல்லோரும் டிபன் பாக்ஸை மூடிவிட்டார்கள். பின்னே, கோபம் வராதா? வேலை தேடித் திருச்சியிலிருந்து இந்த ஊருக்குப் பெட்டியோடு வந்து நின்ற மாதங்கிக்கு ஹப்சிகுடாவில் தன் ரூமிலேயே இடம் கொடுத்தவள் ஆயிற்றே!

நடந்தது இதுதான். நேற்று மூன்றரை மணிக்கு ஒன்பதாம் பெட் பெரியவர் மயங்கிச் சரிந்தார். ஓடிப்போய் சார்ட்டைப் பார்த்தால், நாலு மணி பி.பி. நூற்றிருபது - எண்பது என்று அழகாக எழுதியிருக்கிறது. மணி நாலாகவே இல்லை! எழுதியவள் சாந்தா. பெரியவர் பிழைத்தது அவர் செய்த புண்ணியம்.

மாதங்கி உள்ளே வந்தாள்.

“ஏண்டி, முப்பது பெட்டுக்கு நாம ரெண்டே பேர். யாருதான் பாக்காம முன்னாடியே எழுதி வைக்கலை? என்னை மட்டும் மாட்டிவிட்டுட்டியே!”

“மறைச்சா நாளைக்கு இன்னொருத்தர் விழுவார்க்கா. எழுதினது எழுதினதுதான்.”

“நக்கோ, வேண்டாம் மாதங்கி! எதுக்கு வம்பு? வாபஸ் வாங்கிடு” என்றாள் இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த ஸ்டெல்லா.

“முடியாது.”

அதோடு சரி. அவளிடம் யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

மத்தியானம் நர்சிங் சூப்பிரண்டென்ட் எலிசபெத் மேடம் சாந்தாவைக் கூப்பிட்டு அனுப்பினார். வேலை போச்சு! உள்ளே போனாள்.

மேடம் அந்தக் கம்ப்ளெயின்ட் காகிதத்தை அவள் பக்கம் திருப்பினார்.

முதல் பெயரே மாதங்கி. ‘போன வாரம் மூன்று நாள் பி.பி. பார்க்காமலே எழுதினேன்.’ அதற்குக் கீழேதான் சாந்தா. கடைசியில், ‘முப்பது பெட்டுக்கு இரண்டு நர்ஸ் போதாது.’

சாந்தா அதை இன்னொரு தரம் படித்தாள். பாவி, அத்தனை திட்டு வாங்கியும் இதைச் சொல்லவில்லையே!

“நீ ஒன்பது வருஷ சர்வீஸ். உன் பேரை அடிச்சுடறேன், அந்தக் கடைசி வரியையும்தான். அவ புதுசு. தானே ஒத்துக்கிட்டா. அவளை அனுப்பிட்டு விஷயத்தை முடிச்சுக்கலாம். சரிதானே?”

மேடம் பேனாவைத் திறந்தார். சாந்தா கையை நீட்டி அதை வாங்கிக்கொண்டாள்.

“ஒண்ணையும் அடிக்காதீங்க மேடம். நான் பாக்காம எழுதினதுல ஒரே ஒரு நாளைத்தான் போட்டிருக்கா. விட்டுப்போன நாளையெல்லாம் நானே எழுதிடறேன்.”