ஆக்டிவ் ஆக்காதீர்கள்

கறுத்த திரையில் வெள்ளையாக ஒரே ஒரு வரி. தன்னால் எழும்ப முடியாது என்று கம்பியூட்டர் கையை விரித்துவிட்டது. பத்து மணிக்குக் கனடாக்காரர்கள் வீடியோவில் வந்துவிடுவார்கள். மோகனராஜுக்கு நெற்றியெல்லாம் வியர்த்தது.

"இன்டவியூ நேரத்துலயா இப்பிடி ஆகணும்?" என்றாள் மனைவி கிருஷாந்தி. விடிந்ததும் விடியாததுமாக அவன் சட்டையை அயர்ன் பண்ணிக் கொடுத்தவள் அவள். கதிரைக்குப் பின்னால் சுவர் வெறுமையாகத் தெரிய வேண்டும் என்று அவன் சொன்னதால், கல்யாணப் படத்தைக் கழற்றி அலுமாரிக்குள் வைத்ததும் அவள்தான்.

மோகனராஜ் இந்த விஷயத்தில் லேசுப்பட்ட ஆள் இல்லை. கம்பளையில் கம்பியூட்டர் வகுப்பு நடத்துகிறவன். 'டிஸ்க் செட்டிங்கிற்குள் போய் டி ட்ரைவை ஆக்டிவ் ஆக்காதீர்கள், அப்புறம் கம்பியூட்டர் எழும்பவே எழும்பாது' என்று வீடியோ போட்டு ஊரையே எச்சரித்தவன். பேச்சுத் தடுமாறித் தடுமாறி அதைத் திரும்பத் திரும்ப எடுத்தபோது, போனைப் பிடித்துக்கொண்டு கை கடுக்க நின்றவள் கிருஷாந்தி.

இரண்டு மூன்று பட்டன்களைத் தட்டிப் பார்த்தான். "டிஸ்க்குல ஒரு பழுதும் இல்ல. யாரோ வேணும்னே டி ட்ரைவ ஆக்டிவ் ஆக்கியிருக்காங்க."

"யாருங்க அப்பிடிச் செய்வா?"

"நேத்து இதுல ஒக்காந்தது சுரேஸ் மட்டுந்தான்." வகுப்பை அவனோடு சேர்ந்து நடத்துகிற கூட்டாளி சுரேஸ். "நான் கனடா போறது அவனுக்குப் பொறுக்கல."

உடனே போனை எடுத்தான். "ஒரே தட்டுல சாப்பிட்டோமேடா. கூட இருந்தே குழி பறிச்சிட்டியே."

"சத்தியமா நான் ஒண்ணையும் மாத்தல மச்சான். மெயில் பாத்துட்டு நிப்பாட்டிட்டுப் போனேன்."

மோகனராஜ் பேச்சைத் துண்டித்தான். முன்பின் தெரியாதவன் செய்திருந்தால் தாங்கிக்கொள்ளலாம், நம்பியவன் செய்ததைத் தாங்க முடியவில்லை.

"நம்பிக்கைத் துரோகம்னா இதுதான் கிருஷா."

"ஆமாங்க. வலிக்கத்தான் செய்யும்," என்றாள் அவள். "ஒங்க போன்லதான் கேமரா ஒடஞ்சி போச்சே, என் போன்ல பேசுங்களேன்."

"சேச்சே, வேணாம். அதுல ஒம் பேரு விழும்." அவசரமாகச் செருப்பை மாட்டினான். "கிளாஸ்ல ஒரு பென் டிரைவ் இருக்கு. அத எடுத்துட்டு வந்தா எழுப்பிடலாம். கொஞ்சம் சுணங்கினாலும் அவங்க காத்திருப்பாங்க."

வாசல்வரை போனவனுக்கு ஆத்திரம் மறுபடி பொங்கியது. "அவன விட்டா இந்த வேல தெரிஞ்ச ஆளு இந்த வீட்டுக்கு வேற யாரு வந்தா, சொல்லு பாப்போம்?"

"எனக்குந்தான் அந்த வேல தெரியுமே," என்றாள் கிருஷாந்தி.

அவன் திரும்பிப் பார்த்தான். அவள் குரலை உயர்த்தவில்லை, கண்கள் மட்டும் நிறைந்திருந்தன.

"ஓடாதீங்க. மாப்பிள்ளைக்கு ஏற்கெனவே பொண்டாட்டி இருக்குன்னு கனடாப் பொண்ணு வீட்டுக்கு நானே சொல்லிட்டேன்."