சப்பி மெலியவில்லை

"இறங்கு. செருப்பைக் கழட்டிட்டு மறுபடி ஏறு" என்றார் மாமா.

சப்பி மூச்சைப் பிடித்துக்கொண்டு எடை மெஷினில் ஏறினாள். போன வாரம் நின்ற இடத்திலேயே முள் வந்து நின்றது.

"காலையில ஓட்டம், சாயங்காலம் ஓட்டம், தட்டுல வெறும் இலை தழை. அப்படியும் இறங்கலைன்னா என்ன அர்த்தம்? ஒளிச்சு வெச்சுத் தின்றியா?"

"சத்தியமா இல்லை மாமா."

"பாவம், மாப்பிள்ளை பார்க்கிறாங்க போல" என்று எதிர்வீட்டு ஜன்னலில் யாரோ சொன்னது காதில் விழுந்தது. அவள் திருத்தப் போகவில்லை.

விஷயம் வேறு. அக்காவின் ஈரல் முழுசாகக் கெட்டுப் போயிருந்தது. ஒரு துண்டை எடுத்து வைக்கப் பொருந்தியது தங்கை சப்பியின் ஈரல் மட்டும்தான். அதிலோ கொழுப்பு படிந்திருந்தது. "உடம்பைக் குறைச்சுட்டு வாம்மா. அப்புறம்தான் கத்தி வைக்க முடியும்" என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அவள் பிறந்தபோது, உப்பிய கன்னத்தைக் கிள்ளி 'சப்பி' என்று பெயர் வைத்ததே அக்காதான். அம்மா போனபின் இடுப்பில் தூக்கி வளர்த்ததும் அக்காதான்.

"அவளை அறுத்து எனக்கு ஒட்ட வேண்டாம்" என்று முதலில் ஒற்றைக்காலில் நின்றாள் அக்கா. அவள் புருஷனான மாமா அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுததும் திடீரென்று இறங்கி வந்தாள். "சரி. ஆனா அவ சாப்பாட்டை நான்தான் பார்த்துப்பேன்."

கண்ணெல்லாம் மஞ்சள் பூத்து, சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து, இரண்டு வேளையும் காய்கறியை வேகவைத்து அரைத்து அவளே சூப் வைத்தாள். அடுக்களைக்குள் யாரையும் விடவில்லை.

"உன் கை பட்டா பச்சைத் தண்ணிகூட ருசிக்குதுக்கா."

"பேசாம குடி." கிண்ணம் காலியாகும்வரை அக்கா நகரமாட்டாள்.

சப்பி முழங்கால் வீங்க ஓடினாள். முள் அசையவில்லை. கடைசியில் மாமா கத்தியே விட்டார்: "உனக்கு மனசில்லைன்னா வாயைத் திறந்து சொல்லிடு!"

ஒரு நாள் காலையில் அக்கா ரத்தம் ரத்தமாக வாந்தி எடுத்தாள். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது.

அதற்குப் பிறகு மாமா சப்பியின் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. சொந்தக்காரர்கள் அவள் காதுபடவே பேசினார்கள். "நாக்கைக் கட்ட முடியலை இவளால. கூடப்பிறந்தவளையே முழுங்கிட்டா."

சப்பிக்கே சந்தேகம் வந்துவிட்டது. தூக்கத்தில் எழுந்து தின்றிருப்பேனோ என்றுகூட யோசித்துப் பார்த்தாள். சோற்றைக் கண்டாலே குமட்டியது. கன்னம் ஒட்டியது, உடை தொளதொளத்தது. இப்போது மெஷினில் ஏறச் சொல்லத்தான் ஆளில்லை.

அன்று வாசல் மணி அடித்தது. தெருமுனைப் பால் கடைக்காரர் கையில் பெரிய பொட்டலத்தோடு நின்றார்.

"அக்கா இல்லையாம்மா? நான் ஊர்ல இல்லை, இன்னைக்குத்தான் கடை திறந்தேன். எப்பவும் பின்வாசல்ல வெச்சுட்டுப் போகச் சொல்லுவாங்க. கதவு பூட்டியிருக்கே?"

"என்ன இது?"

"வெண்ணெய்தான்."

"வீடு மாறி வந்துட்டீங்க. எங்க வீட்டுல வெண்ணெயை யாரும் தொடறதில்லை."

அவர் அப்போதுதான் அவள் முகத்தைச் சரியாகப் பார்த்தார்.

"ஐயையோ, ஏம்மா இப்படித் துரும்பாயிட்டே? உன் சூப்புல கலக்கத்தானே உங்கக்கா இதை வாங்குவாங்க, நீ மெலிஞ்சுடவே கூடாதுன்னு!"