எட்டாவது நீல ரிப்பன்

"மிஸஸ் ஹால்வர்சன், நான் எதையும் மாத்தலைங்க. புத்தகத்துல நீங்க எழுதினபடி அப்படியே செஞ்சிருக்கேன். நல்லா வந்திருக்கும்ல?"

மக்ரோனி சீஸ் பாத்திரத்தை மேசையில் வைத்துவிட்டுக் கையைப் பிசைந்தாள் கெல்சி. கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்து ஆறு மாதம்தான். சர்ச் சமையல் போட்டி அவளுக்குப் புதிது.

"நல்லா வராம என்ன? தைரியமா இரு கண்ணு" என்றாள் ஆர்டித் ஹால்வர்சன்.

ஆர்டித்துக்குத் தைரியத்தில் குறைவே கிடையாது. ஏழு வருடமாக மக்ரோனி சீஸுக்கான முதல் பரிசான நீல ரிப்பன் வேறு வீட்டு வாசலை மிதித்ததில்லை. இன்று வாங்கினால் எட்டு. எட்டு வாங்கியவர் இந்த வட்டாரத்திலேயே இல்லை. சர்ச் கூரைக்குப் பணம் திரட்டச் சமையல் புத்தகம் போட்டபோது, பாஸ்டரே வீடு தேடி வந்து அவளுடைய செய்முறையைக் கேட்டு வாங்கிப் போனார். முதல் பக்கமே அவளுடையதுதான்.

"ஊருக்கே தூக்கிக் குடுத்துட்டியே ஆர்டித்! இங்க இருக்கிற பன்னண்டு பாத்திரத்துல பத்து உன் செய்முறைதான், என்னுதையும் சேர்த்து" என்று சீண்டினாள் பக்கத்து வீட்டு லோயிஸ். "பயமா இல்லையா உனக்கு?"

"புத்தகம் எல்லார் வீட்லயும் இருக்கும் லோயிஸ். இந்தக் கை என்கிட்டதானே இருக்கு?"

கூடமே சிரித்தது. லோயிஸ் உதட்டைச் சுழித்தாள்.

நடுவர், தீயணைப்பு நிலையத் தலைவர் டுவேன். பாத்திரங்களில் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். பொன்னிறமாக முறுகியிருந்த மேல்பகுதியை உடைத்து ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி ருசி பார்த்துக்கொண்டே போனார். ஆர்டித் தலைமுடியைச் சரிசெய்துகொண்டாள். போட்டோ எடுப்பார்களே!

"மூணாவது பரிசு, ஆறாம் நம்பர். ரெண்டாவது, ஒம்போது."

"ஐயோ, என்னுது!" என்று கத்தினாள் லோயிஸ்.

"நீல ரிப்பன்... பதினொண்ணாம் நம்பர்!"

கெல்சி வாயைப் பொத்திக்கொண்டு அழுதேவிட்டாள். "நான் ஒண்ணுமே பண்ணலைங்க! எல்லாம் மிஸஸ் ஹால்வர்சனோட செய்முறை!"

"என்னுதும்தான்" என்றாள் மூன்றாம் பரிசு வாங்கியவள்.

"அப்ப மூணு பரிசுமே ஆர்டித்துக்குத்தான்!" டுவேன் அவள் கையைப் பிடித்து உயரத் தூக்கினார்.

கூடம் எழுந்து நின்று கைதட்டியது. "எட்டு கேட்ட, பத்தா கிடைச்சிருக்கு போ!" என்று லோயிஸே முதுகில் தட்டினாள். கெல்சி ஓடிவந்து கட்டிக்கொண்டாள்.

பெருமையில் ஆர்டித்துக்கு நிஜமாகவே கண் கலங்கியது. ஆனால், யாரும் தன்னை மிஞ்சிவிடக் கூடாது என்று புத்தகத்தில் வேண்டுமென்றே எழுதாமல் விட்ட அந்த அரை ஸ்பூன் ஜாதிக்காய்ப் பொடி தன் பாத்திரத்தில் மட்டும்தான் விழுந்திருக்கிறது என்பதை அவள் யாரிடம் போய்ச் சொல்வாள்?