ஆளில்லாத கேரவனுக்கு ஏசி

"ஆளே இல்லாத கேரவனுக்கு எதுக்கும்மா ஏசி?"

பேட்டரி வண்டியிலிருந்து இறங்காமலேயே கேட்டார் ஹாலிஸ்.

மரத்தடியில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த பெர்னடீன் ஈரத்துண்டைப் பிழிந்து மறுபடி கழுத்தில் போட்டுக்கொண்டார். எழுபத்தெட்டு வயது. முகம் பழுத்த மிளகாய் மாதிரி சிவந்திருந்தது.

அரிசோனாவில் ஜூன் மாதம். வெயில் நூற்றுப் பன்னிரண்டு டிகிரியைத் தாண்டியிருந்தது. குளிருக்கு வந்து தங்கியவர்கள் ஏப்ரலிலேயே வடக்கே ஓடிவிட்டார்கள். கேரவன்களையே வீடாக வைத்துக் குடியிருக்கும் அந்தப் பார்க்கில், போக வேறு இடமில்லாத முப்பது கேரவன்கள்தான் மிச்சம். முப்பதுக்கும் சேர்த்து ஒரே ஒரு கிழட்டு ட்ரான்ஸ்ஃபார்மர்.

திங்கட்கிழமை அது இரண்டு தடவை ட்ரிப் ஆனது. பக்கத்துக் கேரவன் லோவெல் ஃப்ரிட்ஜில் அடைத்து வைத்திருந்த மான்கறி மொத்தமும் நாறிப்போனது. 'பன்னிரண்டு முதல் நாலு மணி வரை தேவைக்கு மட்டும் கரண்ட்' என்று மேனேஜர் ஒரு நோட்டீஸ் ஒட்டினார். ஒட்டியதோடு அவர் வேலை முடிந்தது. மீதி வேலையை, அங்கேயே குடியிருக்கும் ஹாலிஸ் யாரும் கேட்காமலேயே எடுத்துக்கொண்டார்.

செவ்வாயிலிருந்து இதுதான் நடக்கிறது. மதியச் சாப்பாடு ஆனதும் மனைவி ட்வைலாவைப் படுக்கச் சொல்லிவிட்டு, கையில் நோட்டும் கழுத்தில் விசிலுமாகக் கிளம்பிவிடுவார். ஒவ்வொரு கேரவன் பக்கத்திலும் இடுப்பளவு உயரத்தில் நிற்கிற கரண்ட் பெட்டியை எட்டிப் பார்ப்பார். உள்ளே என்ன ஓடுகிறது என்று காதை வைத்துக் கேட்பார். எழுதிக்கொள்வார்.

"உங்களைத்தான் கேக்கறேன் பெர்னடீன். மூணு நாளா பாக்கறேன். நீங்க வெளிய வெந்துக்கிட்டு இருக்கீங்க, உள்ள ஏசி ஜோரா ஓடுது. உங்க கேரவனுக்கு வேர்க்குதா?"

எதிர் கேரவனிலிருந்து கொரீன் சிரிக்கும் சத்தம் கேட்டது. கதவைத் திறந்துகொண்டு படியில் வந்து நின்றாள். அவள் முதுகுக்குப் பின்னாலிருந்து ஜில்லென்று காற்று வந்தது.

"அந்தத் தகர டப்பாவுக்கு ஏசி ஒண்ணுதான் கேடு" என்றாள்.

"எல்லாரையும் மாதிரி ஒரு ஏசிதானே போட்டிருக்கேன்" என்றார் பெர்னடீன் மெதுவாக.

"நோட்டீஸ்ல தேவைக்கு மட்டும்னு போட்டிருக்கும்மா. யாருமே இல்லாத ரூமைக் குளிர வைக்கறதா தேவை?" என்றார் ஹாலிஸ்.

சத்தம் கேட்டு லோவெலும் வந்துவிட்டார். "அப்போ என் மான்கறிக்கு யாரு பதில் சொல்றது?"

கூட்டம் சேர்ந்ததும் ஹாலிஸ் வண்டியை விட்டு இறங்கினார்.

"என்னைப் பாருங்க. ஐம்பது ஆம்பியர் கனெக்ஷன். தலைக்கு மேல ரெண்டு ஏசி. இந்த வருஷம் ஒண்ணையாவது தொட்டிருப்பேனா? ஒரே ஒரு ஃபேன். என் ட்வைலா அதுக்குக் கீழ ராணி மாதிரி தூங்கறா. இன்னிவரைக்கும் ஒரு முணுமுணுப்பு உண்டா? கட்டுப்பாடுன்னா அது!"

பெர்னடீன் அவரை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு தன் கேரவன் கதவைத் திரும்பிப் பார்த்தார்.

"நாலு மணி வரைக்கும் விடுங்க ஹாலிஸ். அப்புறம் நானே நிறுத்திடறேன்."

"நாலு மணிக்கு என்ன, உள்ள இருக்கற பனிக்கரடி எழுந்து வேலைக்குப் போயிடுமா?"

கொரீன் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"கதவைத் திறங்க. அப்படி என்னதான் ஒளிச்சு வெச்சிருக்கீங்கன்னு பாத்துடுவோம்" என்றார் ஹாலிஸ்.

"முடியாது." பெர்னடீன் தடுமாறி எழுந்து, கதவுக்கு முதுகைக் கொடுத்து நின்றார். "இது என் வீடு."

"வீடு உங்களுது. கரண்ட் எல்லாருக்கும் பொது."

ஹாலிஸ் விறுவிறுவென்று போய்க் கரண்ட் பெட்டியின் மூடியைத் தூக்கினார்.

"வேணாம் ஹாலிஸ். சொல்றதைக் கேளுங்க. இந்த வெயில்ல உள்ள..."

டக்.

ஏசி ஒரு முனகலோடு நின்றது. லோவெல் கை தட்டினார். ஹாலிஸ் நோட்டை விரித்து, 'பதினாலாம் நம்பர், நிறுத்தப்பட்டது' என்று நிதானமாக எழுதினார். பெர்னடீன் நாற்காலியில் சரிந்து உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டார்.

இரண்டு நிமிடம் போயிருக்கும். பதினாலாம் நம்பருக்குள் கட்டில் கிரீச்சிட்டது.

கதவு திறந்தது.

கன்னத்தில் தலையணை மடிப்போடு, இரவு உடையில், நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றது ட்வைலா.

ஹாலிஸின் கையிலிருந்து பேனா விழுந்தது. "நீ... நீ எப்படி இங்க?"

"நீ நோட்டைத் தூக்கிட்டுப் போன முதல் நாளே உன் ஃபேனுக்குக் கீழ மயங்கி விழுந்தேன். கைத்தாங்கலா இங்க கூட்டிட்டு வந்தது இவங்கதான். உங்கிட்ட சொன்னா அதுக்கும் நீ பிரசங்கம் பண்ணுவேன்னு நான்தான் சொல்ல வேணாம்னேன். இருக்கற ஒரே கட்டிலை எனக்குக் குடுத்துட்டு, உன் வண்டி வருதான்னு பாக்கறதுக்காக மூணு நாளா வெயில்ல உக்காந்திருக்காங்க."

கொரீன் சத்தமில்லாமல் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். லோவெல் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ட்வைலா படியிறங்கி வந்து பெர்னடீனின் கையைப் பிடித்துத் தூக்கினார்.

"நீங்க உள்ள வாங்க. இனிமே வெளிய காவல் வேண்டியதில்ல." பிறகு, கணவரைத் திரும்பியும் பார்க்காமல் சொன்னார்:

"சுவிட்சைப் போடு, ஹாலிஸ். இன்னும் அரை மணி நேரம் நான் தூங்கணும்."